நடுநிலை அக்காவுக்கு வந்த போன்

ஒருவரிடம் போனில் கருத்துக் கேட்டுவிட்டு அதை ஊருக்குச் சொல்வது எங்கள் தொழிலில் மகா பாவம். அப்படியும் இதை எழுதுகிறேன் என்றால், சம்பந்தப்பட்டவளே அனுமதி கொடுத்துவிட்டாள். “நல்ல விதமா எழுதவா, உள்ளதை உள்ளபடி எழுதவா?” என்று கேட்டேன். “ரெண்டுல உனக்கு எது சரின்னு தோணுதோ அது” என்றாள். அவளிடமிருந்து வேறென்ன வரும்!

நாங்கள் நடுநிலை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். நாடு முழுக்கப் போன் போட்டுக் கருத்துக்கணிப்பு நடத்தும் ஆபீஸில் அவளுக்கு என் இடப்பக்கத்து சீட். ஆபீஸ் என்றால் ஒரு நீளமான ஹால். அட்டைத் தடுப்பு வைத்த சின்னச் சின்னக் கூண்டுகள். கூண்டுக்கு ஒரு ஆள், காதில் ஹெட்போன், முன்னால் கம்ப்யூட்டர். யாரைக் கூப்பிடுவது என்று நாங்கள் முடிவு செய்வதில்லை. கம்ப்யூட்டரே எண்களைக் குலுக்கிப் போட்டு டயல் செய்யும். பாதி எண்களுக்கு ஆளே கிடையாது. மீதியில் ஒரு மரக்கடை வரும், ஒரு பிரசவ ஆஸ்பத்திரி வரும், ஃபேக்ஸ் மெஷின் வந்து காதுக்குள் கீச்சென்று கத்தும். எல்லாவற்றையும் தாண்டி ஒரு மனுஷக் குரல் வந்தால், நாங்கள் “வணக்கம்” என்று ஆரம்பிப்பதற்குள் “வேண்டாம்” என்று வைத்துவிடும். வணக்கத்தையே வேண்டாம் என்கிற ஜனங்களிடமிருந்துதான் நாட்டின் மனநிலையை நாங்கள் கறந்து கொடுக்க வேண்டும்.

தப்பித்தவறி ஒருவர் பேசச் சம்மதித்தாலும் நம் இஷ்டத்துக்குப் பேச முடியாது. ஸ்கிரீனில் இருப்பதை ஒரு எழுத்து மாறாமல் படிக்க வேண்டும். சிரிக்கக் கூடாது. “அப்படியா!” என்று ஆச்சரியப்படக் கூடாது. ஒருவர் “விலைவாசி ரொம்ப நல்லாயிருக்கு” என்று சொன்னால்கூட, “நீங்க எந்தக் கடையில வாங்குறீங்க?” என்று கேட்கக் கூடாது. நாம் ஒரு உச்சுக் கொட்டினால் போதும், அவர் பதில் நம் பக்கம் சாய்ந்துவிடுமாம். எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தைதான்: “சரி, பதிவு செய்துகொண்டேன்.” இதையெல்லாம் கண்காணிக்க எங்கள் சூப்பர்வைசர் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, நினைத்த நேரத்தில் நினைத்தவர் லைனுக்குள் சத்தமில்லாமல் நுழைந்து கேட்பார். ஒட்டுக்கேட்பதற்குச் சம்பளம் வாங்கும் ஒரே மனிதர் அவர்தான். அதனால் ஒட்டுக்கேட்பு சார்.

அந்த ஒட்டுக்கேட்பு சாரே குறை சொல்ல முடியாத ஒரே ஆள் அக்கா. ஒருநாள் ஒரு பெரியவர், கேள்விக்கு நடுவில், “ஏம்மா, இந்த வயசுல நான் ரெண்டாம் கல்யாணம் பண்ணிக்கலாமா?” என்று கேட்டுவிட்டார். நானாக இருந்தால் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு உருண்டு புரண்டு சிரித்திருப்பேன். அக்கா குரல் கொஞ்சமும் பிசகாமல், “அந்தக் கேள்வி எங்க வரிசையில இல்லங்கய்யா. அடுத்த கேள்விக்குப் போகலாமா?” என்றாள். பெரியவர் சமாதானமாகி அடுத்த கேள்விக்குப் போனார். புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் அக்காதான் பயிற்சி கொடுப்பாள். எனக்கும் அவள்தான் கொடுத்தாள்.

ஆபீஸில் நடுநிலையாக இருந்தால் மெச்சுவார்கள். வீட்டுக்கும் அதையே மூட்டை கட்டிக்கொண்டு போனால் என்ன ஆகும்? அக்காவின் மகள் பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் படிக்கிறாள். பச்சையும் நீலமுமாக இரண்டு உடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்து “எதும்மா நல்லாயிருக்கு?” என்றால், “இதுல சரியான பதில், தப்பான பதில்னு எதுவும் இல்ல. உனக்குத் தோணுறதுதான்” என்பாளாம். வீட்டுக்காரர் ஆசையாகச் சமைத்து வைத்துவிட்டு “உப்பு சரியா இருக்கா?” என்றால் “ஓரளவுக்கு” என்பாளாம். அவரும் எத்தனை நாள்தான் உப்பை ஓரளவுக்குப் போடுவார் பாவம். மகள் வந்து என்னிடம் புகார் சொன்னபோது நான் சிரித்தேன். அக்கா அதையும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், பதிவு செய்துகொள்கிற முகத்தோடு.

போன மழைக்காலத்தில்தான் சிரிப்பு நின்றது. அக்காவின் வீட்டுக்காரர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறார். கண்ணுக்குத் தெரியாத திருகாணிகளை முறுக்கி ஃபிரேம் பூட்டும் வேலை. அவருக்கு ஒரு அண்ணன். வேறொரு ஊரில் தண்ணீர்க் குழாய், பைப், மோட்டார் விற்கும் பெரிய கடை வைத்திருப்பவர். அவர் இரண்டாவது கடை திறக்கப் போகிறாராம். தம்பி குடும்பத்தோடு வந்து பார்த்துக்கொள்ள வேண்டுமாம். குடியிருக்க அண்ணன் வீட்டு மாடியே தயாராம். மாசக் கடைசிக்குள் யோசித்துப் பதில் சொல்லச் சொன்னவர், அந்தப் பதில் என்னவென்று தானே சொல்லியும் கொடுத்துவிட்டார். தம்பியும் தலையாட்டிவிட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொன்னபோது அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்தவள் கையை வைக்கவே இல்லை.

“நீங்க என்ன சொன்னீங்க?” என்றேன்.

“நான் என்னத்தச் சொல்றது? அவர் சொன்னார். கேட்டுக்கிட்டேன்.”

“அக்கா, போகணும்னு உங்களுக்கு ஆசையா இல்லையா?”

“அவருக்கு ஆசை இருக்கும்போல.”

“நான் உங்களைக் கேட்டேன்.”

டப்பாவை மூடினாள். “என் சீட்டுக்கு யார் வருவாங்கன்னு தெரியல” என்றாள். “வர்றவங்ககிட்ட சொல்லிடு, அந்த நாற்காலி இடது பக்கம் சாயும். அட்டையை மடிச்சு வெச்சுக்கணும்.” இத்தனை பேரைப் பேச வைத்தவள், தனக்கு ஒன்று பிடிக்கவில்லை என்று சொல்லத் தெரியாமல் நாற்காலிக்கு அட்டை வைக்கச் சொல்கிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. உலுக்கவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்த மணி அடித்துவிட்டது.

அந்த மாசம் நாங்கள் நடத்திக்கொண்டிருந்த கணிப்பு வேலை, வருமானம், குடும்பம் பற்றியது. அதில் ஒரு கேள்வி: “உங்கள் குடும்பம் தொழிலுக்காக வேறு ஊருக்குக் குடிபெயர வேண்டி வந்தால், அதை நீங்கள் முழுமையாக ஆதரிப்பீர்களா, ஓரளவு ஆதரிப்பீர்களா, ஓரளவு எதிர்ப்பீர்களா, முழுமையாக எதிர்ப்பீர்களா?” அக்கா இதை நாள் முழுக்க யார் யாரிடமோ படித்துக்கொண்டிருந்தாள். குரலில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்பதற்கு எனக்குத்தான் பொறுக்கவில்லை.

மாசக் கடைசி நெருங்கிய ஒரு மத்தியானம், என் கம்ப்யூட்டர் ஒரு எண்ணைக் குலுக்கிப் போட்டது. எண் முழுசாக எங்களுக்குத் தெரியாது, பின்பாதியை மறைத்துத்தான் காட்டும். ஒரு ஆண் குரல் எடுத்தது. சாதுவான குரல். வணக்கத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவே எனக்குப் பாதி நாள் சம்பளம் கிடைத்த மாதிரி.

எடுத்தவரையே கேட்டுவிட முடியாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். எடுப்பவர்களையே கேட்டுக்கொண்டிருந்தால், போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் கருத்துதான் நாட்டின் கருத்தாகிவிடும். அதனால் வீட்டில் பதினெட்டு வயது நிறைந்தவர்களில் யாருக்கு அடுத்த பிறந்தநாள் வருகிறதோ அவரைத்தான் கேட்க வேண்டும். அவர் குளிக்கப் போயிருந்தால் காத்திருக்க வேண்டும். வெளியே போயிருந்தால் திரும்பக் கூப்பிட வேண்டும். “அவரைவிட நான் நல்லா பதில் சொல்வேனே” என்று எடுத்தவர் கெஞ்சினாலும் கூடாது. இந்த ஒரு கேள்வியால் நாங்கள் மூட்டிய குடும்பச் சண்டைகள் கொஞ்சநஞ்சமல்ல. மனைவியின் பிறந்தநாள் தெரியாமல் முழிக்கும் ஆண்களும், பின்னாலிருந்து “இது வேறயா!” என்று வரும் குரல்களும் எங்களுக்குப் பழக்கம்.

இவர் முழிக்கவில்லை. “என் சம்சாரத்துக்குத்தாம்மா. அடுத்த மாசம் வருது” என்றார் உடனே.

“அவங்க இப்போ பேச முடியுமா?”

“வேலைக்குப் போயிருக்காங்க. எனக்கு இன்னிக்குக் கடை லீவு, அதான் நான் எடுத்தேன். ஏழரைக்கு மேல கூப்பிட்டா இருப்பாங்க.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “அவங்ககிட்டயா கருத்துக் கேக்கப் போறீங்க?” என்றார்.

“ஆமாங்க.”

“கிடைச்சா எனக்கும் கொஞ்சம் சொல்லுங்கம்மா.”

சிரிப்பை விழுங்கிக்கொண்டு, “சரி, பதிவு செய்துகொண்டேன்” என்று முடிக்கப் போனேன். அவர் விடவில்லை.

“ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே? உங்க பின்னாடி ஒரு அம்மா பேசுறது கேக்குது. அது என் சம்சாரம் குரல் மாதிரியே இருக்கு.”

இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். அக்கா யாரோ ஒரு மனிதரிடம் பொறுமையாக “ஓரளவு ஆதரிப்பீர்களா, ஓரளவு எதிர்ப்பீர்களா” என்று படித்துக்கொண்டிருந்தாள். “ஏழரைக்குக் கூப்பிடுறோங்க” என்று சொல்லி வைத்துவிட்டு நேரே கண்ணாடி அறைக்கு ஓடினேன்.

ஒட்டுக்கேட்பு சார் நான் போவதற்கு முன்பே எழுந்து நின்றிருந்தார். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். “தெரிஞ்சவங்களைத் தெரிஞ்சவங்க கேக்கக் கூடாது. வேற ஆளுக்கு மாத்தணும்” என்று ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தார். அக்காவைத் தெரியாத ஆள் அந்த ஹாலில் சுவர்க்கடிகாரம் ஒன்றுதான். தலைமை ஆபீஸில் எண்களைக் கட்டி மேய்க்கும் ஒரு மேடம் உண்டு. அவருக்குப் போன் போட்டார். “குலுக்கல்ல விழுந்த நம்பரை நமக்கு அசௌகரியம்னு தூக்கிப் போட ஆரம்பிச்சா அப்புறம் அது குலுக்கல் இல்ல. அந்தம்மாவும் இந்த நாட்டு ஜனம்தானே? முதல்ல கூப்பிட்ட பொண்ணே கூப்பிடட்டும். தெரிஞ்சவங்கன்னு ஒரு குறிப்பு மட்டும் போட்டுடுங்க” என்று அந்த மேடம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்.

அக்காவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்கள். முகத்தில் ஈயாடவில்லை.

“என் வீடா? நானா?”

“நீங்கதான். பக்கத்து சீட்டுதானே? இப்பவே இவ கேட்டு முடிச்சிடட்டும்” என்றார் சார்.

“அதெப்படிங்க சார்? வீட்டு நம்பர்தானே விழுந்திருக்கு. வீட்டு நம்பருக்குத்தான் கூப்பிடணும்.” விதி என்று வந்தால் அக்கா யாருக்கும் பயப்பட மாட்டாள். பிறகு குரல் இறங்கி, “ஆனா எனக்கு என்ன கருத்து இருக்கு சார்? வேற யாரையாவது…” என்றாள்.

“ஆளை மாத்தக் கூடாதுன்னு நீங்கதானேம்மா எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்கிறீங்க?” என்றார் சார்.

சாயங்காலம் அக்கா பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஏழரைக்குக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். அவள் சொல்லிக் கொடுத்த குரலிலேயே அவளிடம் படிப்பது, வாத்தியார் வீட்டில் போய்ப் பாடம் ஒப்பிக்கிற மாதிரி. “வணக்கம். நாடு தழுவிய கருத்துக்கணிப்புக்காகப் பேசுகிறோம். நாங்கள் எதையும் விற்கவில்லை.”

“வணக்கம். சொல்லுங்க” என்றாள், என்னை முன்பின் தெரியாதவள் போல. எனக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

“உங்கள் பதில்களைக் கேட்கும் தூரத்தில் இப்போது வேறு யாராவது இருக்கிறார்களா?”

“வீட்டுக்காரர் இருக்கார்.”

“நீங்கள் தனியாக இருக்கும் வேறு நேரத்தில் அழைக்கலாமா?”

பக்கத்தில் ஆள் இருந்தால் உண்மை வராது, ஒத்திவைத்துவிடு என்று எங்கள் மண்டையில் குட்டிக் குட்டிச் சொன்னவளே அவள்தான். ஒத்திவைக்கச் சொல்வாள் என்று பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

“வேண்டாம். கேளுங்க.”

ஆரம்பித்தேன். சாலை வசதி எப்படி? ஓரளவு திருப்தி. பள்ளிக்கூடங்கள்? ஓரளவு திருப்தி. விலைவாசி? ஓரளவு அதிருப்தி. அதற்கே அவள் எவ்வளவு மெனக்கெட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். இப்படியே ஓரளவிலேயே ஊர்ந்து ஊர்ந்து அந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்தோம். ஸ்கிரீனில் அதைப் பார்த்ததும் படிப்பதற்கு மூச்சை இழுத்தேன்.

“ஒரு நிமிஷம்” என்றாள்.

டக்கென்று ஒரு சத்தம். அவள் வீட்டு மின்விசிறி, தெருவில் போகிற வண்டி, யாரோ செருமுவது எல்லாம் காதுக்குள் வந்து நிறைந்தன. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

“இப்போ படிங்க. நிதானமா.”

படித்தேன். முழுமையாக ஆதரிப்பீர்களா என்பதிலிருந்து முழுமையாக எதிர்ப்பீர்களா என்பது வரைக்கும், ஒரு எழுத்து மாறாமல்.

“இன்னொரு தடவை படிங்க.”

இன்னொரு தடவை படித்தேன். மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“முழுமையாக எதிர்ப்பேன்.”

எங்கோ ஒரு டம்ளர் மேஜையில் இடித்தது. நான் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். “சரி, பதிவு…” குரல் உடைந்துவிட்டது. கண்ணாடி அறையைப் பார்த்தேன். ஒட்டுக்கேட்பு சார் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். என் பிசகை அவர் குறித்துக்கொள்ளவே இல்லை. “…பதிவு செய்துகொண்டேன். அதற்கான காரணத்தை உங்கள் சொற்களிலேயே சொல்லுங்கள்.”

அக்கா சொன்னாள். நான் தட்டச்சு செய்யும் வேகம் அவளுக்குத் தெரியும், அதற்கேற்ப நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னாள். “எனக்கு இந்த ஊர்ல இருக்கிற வேலை பிடிச்சிருக்கு. முன்னப்பின்ன தெரியாதவங்க என்கிட்ட மனசு விட்டுப் பேசுறாங்க. போட்டாச்சா? அங்க போனா நான் மூத்தவர் வீட்டு மாடியில இருப்பேன். அங்க எல்லாத்துக்கும் அவரே பதில் சொல்லிடுவார். என்கிட்ட யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. நானும் சொல்ல மாட்டேன். எனக்கே என்னை நினைச்சா பயமா இருக்கு.” ஒரு நிறுத்தம். “பயமா இருக்கு. முற்றுப்புள்ளி.”

“நான் உன்கிட்ட கேட்டேனே!” என்று அந்தச் சாதுவான குரல் குறுக்கே வந்தது. சாதுவாக இல்லை இப்போது. “அன்னிக்கே கேட்டேனா இல்லையா? நீதான் ஒண்ணும் சொல்லல!”

“எங்க கேட்டீங்க? ‘அங்க போனா நமக்கு நல்ல காலம் பொறந்துடும், என்ன சொல்ற’ன்னீங்க. அது கேள்வியா? பதிலை வாயில திணிச்சு முழுங்கச் சொல்றது. அந்த மாதிரிக் கேக்கிறவங்களுக்கு எங்க ஆபீஸ்ல மெமோ கொடுப்பாங்க!”

தேர்ந்தெடுக்கப்பட்டவரைத் தவிர மற்றவர் சொல்வதைப் பதிவு செய்யக் கூடாது என்பது விதி. கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். காதை எடுத்து எங்கே வைப்பது?

பிறகு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது, அவர் குரல் போனுக்கு மிகப் பக்கத்தில் வந்தது.

“ஏம்மா, லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன் சார்.”

“இதே கேள்வியை என்கிட்டயும் கேளுங்க.”

“மன்னிக்கணும் சார். ஒரு வீட்டுல ஒருத்தர்கிட்டதான் கேக்க முடியும்.”

“அப்படியெல்லாம் சொல்லாதீங்கம்மா. எங்க அண்ணனும் கேக்கல, இவளும் கேக்கல. எனக்கு மோட்டாரும் தெரியாது, பைப்பும் தெரியாது. குட்டித் திருகாணிதாம்மா தெரியும். எனக்கும் போக இஷ்டமில்லன்னா நான் அதை எங்க போய்ச் சொல்றது?”

ஸ்கிரீனில் இதற்கு ஒரு வரி எழுதி வைத்திருக்கவில்லை. கண்ணாடி அறைக்குள் சார் எழுந்து நின்றுவிட்டார்.

அக்காவின் குரல் வந்தது. ஹாலில் நான் தினமும் கேட்கிற குரல் இல்லை அது.

“போனை வெச்சிட்டு இப்படி வந்து உக்காருங்க. நான் கேக்கறேன்.”